இடையில் வந்த காலம்: அந்தமான் வரலாற்றில் சில ஆங்கிலச் சொற்கள்

காலத்தில் விழும் இடைவெளியைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கேப், பிரேக், இன்டர்வெல், ரீசெஸ், லீவ், ஃபர்லோ, ரெஸ்பைட், இன்டரிம், இன்டர்ரெக்னம், ஹையேட்டஸ், அபேயன்ஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் பாதியை நாம் தமிழாகவே பேசிப் பழகிவிட்டோம். "நாளைக்கு லீவா?" என்று கேட்காத வீடு கிடையாது. "சர்வீஸ்ல பிரேக் விழுந்துடுச்சு" என்று கவலைப்படாத தினக்கூலித் தொழிலாளியும் அரிது.

இந்தச் சொற்களின் வேர்களைத் தோண்டினால் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். சினிமாக் கொட்டகையில் முறுக்கு வாங்க ஓடுகிறோமே, அந்த இன்டர்வெல் லத்தீன் மொழியில் இரண்டு கோட்டை அரண்களுக்கு நடுவே கிடந்த வெற்றிடத்தைக் குறித்தது. இன்டர்ரெக்னம் என்றால் இரண்டு ஆட்சிகளுக்கு நடுப்பட்ட காலம். ஹையேட்டஸ் என்பதற்கு வாய் பிளந்திருத்தல் என்று பொருள். கோப்பு நகராமல் கிடக்கும்போது எழுதுகிறார்களே அபேயன்ஸ், அதுவும் பழைய பிரெஞ்சு மொழியில் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதைக் குறித்த சொல்லின் வழிவந்ததுதான். விண்ணப்பம் கொடுத்துவிட்டு அலுவலக வாசலில் நிற்பவரின் கோலம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது!

இவற்றை வெறும் சொல்லாராய்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் வாழும் இத்தீவுகளின் வரலாறு முழுவதும் இத்தகைய சொற்களால்தான் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. 'கைவிடப்பட்டது', 'மீண்டும் தொடங்கப்பட்டது', 'நிறுத்தி வைக்கப்பட்டது', 'இடைக்காலம்' என்று ஏடுகள் பேசுகின்றன. எது நின்றது, யாருக்கு நின்றது என்று கேட்டால், ஒவ்வொரு இடத்திலும் நின்றது ஆட்சியின் வேலைதான். அந்த நேரத்திலும் மனிதர்கள் இங்கே பிறந்தார்கள், உழைத்தார்கள், செத்தார்கள். அந்தக் காலங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அறுபத்திரண்டு ஆண்டு 'கேப்'

கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789ஆம் ஆண்டு சாத்தம் தீவில் முதல் குடியேற்றத்தை அமைத்தார். 1792இல் அது வட அந்தமானின் கிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டது. போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயரிடப்பட்ட அந்த இடம் எவருக்கும் ஒத்துவரவில்லை. காய்ச்சலிலும் நோயிலும் ஆட்கள் மடிந்தனர். 1796இல் கம்பெனி குடியேற்றத்தைக் கலைத்தது. அப்போது அங்கிருந்தவர்கள் 270 கைதிகளும், வங்காளத்திலிருந்து வந்த சுதந்திரக் குடியேறிகள் 550 பேரும் ஆவர். கைதிகள் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் வங்காளம் திரும்பினர்.

அதன்பின் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்தது. டாக்டர் மௌவாட் தலைமையில் ஒரு குழு வந்து இடம் பார்த்துச் சென்றது. 1858 மார்ச் 10ஆம் நாள் டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். 1796க்கும் 1858க்கும் இடையே 62 ஆண்டுகள். பெரும்பாலான நூல்கள் இந்த 62 ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன. 'இடையில் ஒன்றும் நடக்கவில்லை' என்ற தோற்றம் வாசகர் மனத்தில் தங்கிவிடுகிறது.

ஒன்றுமே நடக்கவில்லையா? 1824இல் முதல் பர்மியப் போருக்குப் புறப்பட்ட கப்பல்கள், கைவிடப்பட்ட இதே போர்ட் கார்ன்வாலிஸ் துறைமுகத்தில்தான் ஒன்றுகூடின. அவற்றில் சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்களும் இருந்தனர். ஆக, நம்ம ஊர்ப் பக்கத்து ஆட்கள் இத்தீவின் கரையைக் கண்ட நாட்களுள் ஒன்று, ஏடுகள் காலியாக விட்டிருக்கும் அந்த 62 ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. 1844இல் ரிட்சி தீவுக்கூட்டத்தில் பிரிட்டன், ரன்னிமீட் என்ற இரு துருப்புக் கப்பல்கள் புயலில் கரைதட்டின. அதுவும் இந்தக் 'கேப்'புக்குள் நடந்ததே.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்களின் கதை. மண்ணுக்கு உரியவர்களான பெரும் அந்தமானியருக்கு அந்த 62 ஆண்டுகள் எப்படியிருந்திருக்கும்? கடலுக்குப் போனார்கள், பன்றி வேட்டையாடினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அன்றாட வாழ்க்கை அவர்கள் கையில் இருந்த கடைசிக் காலம் அது. 1858இல் அவர்கள் எண்ணிக்கை ஐயாயிரம் அளவில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுவர். 1859 மே மாதம் அபர்தீன் போரில் துப்பாக்கிக்கு எதிராக வில்லேந்தி நின்றார்கள். பின்பு மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்தது. 1901 கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் 625 பேர். இன்று ஏறத்தாழ ஐம்பது பேர் என்ற நிலை. ஆட்சியாளரின் ஏட்டில் இடைவெளி என்று குறிக்கப்பட்ட காலம், அவர்கள் கணக்கில் வாழ்ந்த காலம். ஏட்டில் 'மீண்டும் தொடங்கியது' என்ற நாளில்தான் அவர்களுக்கு எல்லாம் முடியத் தொடங்கியது.

2. 'லீவ்' என்ற சொல்லின் இரு முகம்

அடுத்து நமக்கு மிகவும் பழக்கமான 'லீவ்'. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அனுமதி என்பதே பொருள். வேலையிலிருந்து விலகியிருக்க மேலாள் தரும் அனுமதி என்பதிலிருந்து, விடுப்பு என்ற பொருள் வந்து சேர்ந்தது. படைவீரருக்கும் சிறையாளிக்கும் இன்று சொல்லப்படும் ஃபர்லோவும் டச்சு மொழியின் வெர்லோஃப் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அனுமதி என்பதே பொருள். இரண்டிலும் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், வாங்குபவர் ஒருவர் இருக்கிறார். தமிழில் விடுப்பு, விடுமுறை என்கிறோம். 'விடு' என்ற வினை அடியாகப் பிறந்த சொற்கள். இங்கேயும் பிடித்திருப்பவர் விட்டால்தான் உண்டு!

இத்தீவில் இச்சொல் 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற வடிவில் வாழ்க்கையையே ஆண்டது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயுள் கைதி ஒருவரின் காலம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று பாருங்கள். முதல் 6 மாதம் செல்லுலார் சிறையில் தனிக்கொட்டடி. அடுத்த ஒன்றரை ஆண்டு மற்றவர்களோடு சேர்ந்த சிறை. பின் 3 ஆண்டு இரவில் பூட்டிய பாசறையும் பகலில் கூலியில்லா வேலையும். பின் 5 ஆண்டு அதே உழைப்பு, சிறு படியோடு. இவ்வாறு 10 ஆண்டு முடித்தவருக்குத்தான் அந்த டிக்கெட். அதைப் பெற்றவர் 'செல்ஃப் சப்போர்ட்டர்', அதாவது தன் சோற்றைத் தானே தேடிக்கொள்பவர் ஆனார். ஊரில் குடியிருக்கலாம், நிலம் பயிரிடலாம், மாடு வளர்க்கலாம், குடும்பத்தை வரவழைக்கலாம், மணம் செய்துகொள்ளலாம். ஆனால் தீவைவிட்டுப் போக முடியாது. இந்நிலையில் மேலும் 10 முதல் 15 ஆண்டுகள் கழிந்தால் முழு விடுதலை.

பதினைந்து ஆண்டு நீளும் ஒரு 'லீவ்' உலகில் வேறெங்காவது உண்டா? சிறைக் கணக்குப்படி அது தண்டனைக்கும் விடுதலைக்கும் நடுப்பட்ட காலம். அந்த நடுக்காலத்தில்தான் நிலம் திருத்தப்பட்டது, ஊர்கள் உண்டாயின, குழந்தைகள் பிறந்தன. 'லோக்கல்பார்ன்' என்று இன்றும் அழைக்கப்படும் ஒரு சமுதாயமே அந்த லீவுக்குள் பிறந்ததுதான். பல மாகாணங்களின் கைதிகள் கலந்து, இந்துஸ்தானி பேசி, சாதி வேலிகளைப் பெருமளவு தளர்த்திக்கொண்ட மக்கள் அவர்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் மகாராஜா என்ற கப்பலில் கைதிகள் வந்தனர். அவ்வழி வந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டொரு தலைமுறைக்குள் இந்துஸ்தானியில் கரைந்ததில் வியப்பில்லை.

இன்னொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஆயுள் என்ற சொல்லையே சட்டம் ஆண்டுக் கணக்காக்கியது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தண்டனையின் பகுதியைக் கணக்கிடும்போது ஆயுள் நாடுகடத்தலை 20 ஆண்டாகக் கொள்ளச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் ஆயுள் சிறைக்கு அதே 20 என்ற கணக்கு தொடர்கிறது. 'ரெமிஷன்' என்ற தண்டனைக் குறைப்புக்குத் திருப்பியனுப்புதல் என்று லத்தீனில் பொருள். கைதிக்கு அவருடைய நாட்களில் சிலவற்றை அரசு திருப்பிக் கொடுக்கிறது. எடுத்துக்கொண்டவரே கொடுப்பவராகவும் இருக்கிறார் என்பதைச் சொல் மறைத்துவிடுகிறது.

3. ஒழிப்பு என்றார்கள், இடைவேளை ஆயிற்று

1919-20ஆம் ஆண்டுச் சிறைக் குழுவின் ஆய்வுக்குப் பின், அந்தமான் தண்டனைக் குடியேற்றத்தை ஒழிப்பதென்று 1921இல் அரசு முடிவெடுத்தது. அரசியல் கைதிகள் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். காகிதத்தில் ஒழிப்பு என்ற சொல்லே இருந்தது. ஆனால் நடந்தது என்ன? மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் மாப்பிள்ளைமார் கொண்டுவரப்பட்டனர். 1920களின் நடுப்பகுதியில் பர்மாவிலிருந்து கரேன் மக்களும், வட இந்தியாவிலிருந்து பாந்து மக்களும் குடியேற்றப்பட்டனர். 1932இல் அரசியல் கைதிகளை அனுப்புவது மறுபடி தொடங்கியது. பதினோரு ஆண்டுக்கு முன் ஒழிப்பு எனப்பட்டது, திரைப்பட இன்டர்வெல் போல முடிந்து, மணி அடித்து, படம் தொடர்ந்தது.

திரும்பத் தொடங்கியதன் விலை 1933 உண்ணாவிரதத்தில் தெரிந்தது. வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதை ஒட்டி மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா என்ற மூவர் உயிரிழந்தனர். 1937இல் மீண்டும் பெரிய உண்ணாவிரதம் நடந்தது. 1938க்குள் அரசியல் கைதிகள் யாவரும் திருப்பி அனுப்பப்பட்டனர். தண்டனைக் குடியேற்றம் உண்மையாகவே முடிவுக்கு வந்தது 1945இல்தான்.

4. இன்டர்ரெக்னமும் '42' என்ற கோடும்

1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. (2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) 1945 அக்டோபரில் ஜிம்கானா மைதானத்தில் சரணடைவு நடந்தது. இந்த மூன்றரை ஆண்டைத்தான் இன்டர்ரெக்னம், இன்டர்லூட் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் உள்ளது. பின்னதற்கு, நாடகத்தின் நடுவே வரும் சிறு கேளிக்கை என்பது பழம்பொருள்.

கேளிக்கையா அது? 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி இங்கே கொடியேற்றினார் என்ற பெருமை ஒருபுறம். அடுத்த மாதமே, 1944 ஜனவரி 14 அன்று, மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் செல்லுலார் சிறையில் சித்திரவதையால் மாண்டார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945 ஆகஸ்டில், உணவுப் பஞ்சத்தின் உச்சத்தில், பயிர் செய்ய இடம் தருவதாகக் கூறி நூற்றுக்கணக்கானோரை ஹேவ்லாக் தீவுப் பக்கம் கொண்டுபோய்க் கடலில் தள்ளினர். பிழைத்தவர்கள் மிகச் சிலர். ஆங்கில ஆட்சிக்கு அது இரண்டு ஆட்சிகளின் நடுப்பகுதி. தீவின் குடும்பங்களுக்கு அதுதான் வரலாற்றின் நடுமையம். பாட்டன் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் "ஜப்பான் டைம்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அந்த இடைவெளியின் முதல் ஆண்டு, பிற்காலத்தில் ஒரு கோடாக மாறியதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1942க்கு முன் தீவில் இருந்தவர்களின் வழியினர் 'பிரீ-42' எனப்பட்டனர். தீவு நிர்வாகம் பிற பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை வகுத்தபோது இந்த 'பிரீ-42' பிரிவினரும், பாந்து, கரேன், மாப்பிள்ளை சமூகத்தாரும், கிழக்கு வங்கத்திலிருந்து குடியேற்றப்பட்டவர்களும் இடம் பெற்றனர். தமிழர் என்ற பெயரில் தனிப் பிரிவு அதில் இடம்பெறவில்லை. நம்மவர்களில் மிகப் பலர் சுதந்திரத்துக்குப் பின் பொதுப்பணிக்கும் வனத்துறைக்கும் துறைமுக வேலைக்கும் கப்பலேறி வந்தவர்கள். பர்மாவிலிருந்தும், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்தும் திரும்பியோரும் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டனர். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். மூன்று தலைமுறை இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் வேலைக்கு மனுப்போடும்போது "உங்க குடும்பம் எந்த வருஷம் வந்தது?" என்ற கேள்விக்குக் காகிதம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. போரில் அழிந்த ஆவணங்கள் பல. 1942க்கு முன்பே வந்த தமிழ்க் குடும்பமானாலும் நிரூபிப்பது எளிதன்று.

5. நமக்குத் தெரிந்த இடைவெளிகள்

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கொண்டபோது நம் தலைமுறையும் ஒரு சொல்லைக் கற்றது: 'இன்டர்மீடியட் ஷெல்டர்'. நடுவில் தங்கும் குடில் என்பது பொருள். நிரந்தர வீடு வரும்வரை என்று சொல்லி, தகரக் கூரைக் கொட்டகைகளில் ஏறத்தாழ பத்தாயிரம் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டன. அந்த நடுக்காலம் பல குடும்பங்களுக்கு ஐந்தாறு ஆண்டு நீண்டது. வெயிலில் அடுப்பாகவும் மழையில் முரசாகவும் இருந்த அந்தத் தகரத்தின் கீழ் பிள்ளைகள் பள்ளிப் படிப்பின் பாதியை முடித்தார்கள். கல்யாணமும் காதுகுத்தும் நடந்தன. கச்சாலில் பேரிழப்புக்குப் பின் எஞ்சியோர் வாழ்ந்த அந்த ஆண்டுகளை எந்த ஏட்டில் எழுதுவது?

இன்னொரு சொல் 'பிரேக் இன் சர்வீஸ்'. தற்காலிக ஊழியருக்குத் தொடர்ச்சி உரிமை வந்துவிடக்கூடாது என்பதற்காக, நடுவில் சில நாள் வேலை இல்லை என்று காட்டி மறுபடி எடுப்பது நாடெங்கும் இருந்த பழக்கம். அரியானாவில் ஆசிரியர்களைக் கோடை விடுமுறைக்கு முன் நீக்கிவிட்டு, பள்ளி திறந்ததும் திரும்ப எடுத்து வந்தார்கள். 1985இல் ரத்தன்லால் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தச் சில நாட்களில் அந்த ஆசிரியர் ஆசிரியராக இல்லாமல் போய்விட்டாரா என்ன? காலத்தில் தானாக விழும் இடைவெளி வேறு. கத்தியால் வெட்டி உண்டாக்கும் இடைவெளி வேறு. இத்தீவின் வரலாற்றில் நாம் கண்டவற்றுள் பல இரண்டாம் வகை.

6. தமிழ் என்ன சொல்கிறது?

தமிழிலும் இடைவெளி, இடைவேளை, இடைக்காலம், அவகாசம், தவணை, கெடு என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. கடன் கட்ட வேண்டிய நாளைக் கெடு என்கிறோம். அழிவதற்கும் அதுவே சொல். தவணை தவறியவருக்குத்தான் அந்தப் பொருத்தம் புரியும். ஆனால் தொல்காப்பியம் நாளைப் பகுத்தபோது மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என்று ஆறாக, ஒன்றோடொன்று ஒட்டியே பகுத்தது. நடுவில் பெயரில்லாப் பொழுது என்று ஒன்றை விடவில்லை. பகலும் இரவும் கூடும் நேரத்தை, வடமொழி வழி வந்த சொல்லால், சந்தி என்றோம். இரண்டும் பிரிகிற இடமாகப் பார்க்காமல் சேர்கிற இடமாகப் பார்த்த சொல் அது. சந்தியில்தான் விளக்கேற்றுகிறோம்.

வரலாறு எழுதும்போதும் இந்தப் பார்வை நமக்கு உதவும். 1796 முதல் 1858 வரை என்ன என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதற்குப் பதில் மண்ணின் மக்களைச் சொல்லுவோம். டிக்கெட் ஆஃப் லீவ் என்றால் ஊர்கள் உண்டான காலம் என்போம். 1942 முதல் 1945 வரை என்றால் மாண்டவர் பெயர்களை முதலில் சொல்லுவோம்.

நம் சமூகத்துக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. மெயின்லேண்டிலிருந்து முதன்முதல் வந்த நம் பெரியவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். வந்த கப்பலின் பெயர், இறங்கிய ஆண்டு, முதலில் தங்கிய கொட்டகை, கைக்கு வந்த முதல் கூலி, வேலை இல்லாமல் இருந்த மாதங்கள், தகரக் குடிலில் கழிந்த வருடங்கள் எல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. பழைய மஸ்டர் ரோல் நகல், கப்பல் டிக்கெட், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு ஒரு நோட்டு வாங்கி, தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஆண்டு வாரியாக எழுதி வையுங்கள். "அப்ப சும்மாதான் இருந்தோம்" என்று அவர்கள் தள்ளிவிடும் வருடங்களைப் பற்றி இன்னொரு தடவை கேளுங்கள். நாளை யாரேனும் இத்தீவின் தமிழர் வரலாற்றை எழுத உட்காரும்போது, நம் பக்கத்தில் மட்டும் காலி இடம் விழாமல் இருக்க வேண்டும்.